எறும்பு வளர்க்க ஆசையா? வாசகர் கேள்வி – பதில்

வீட்டில் எறும்பு வளர்ப்பது பற்றி வந்த கடிதங்களில், புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் கேட்டதை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தைப் போட்டு எல்லோருக்கும் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் பையனுக்கு 11 வயது. எறும்பு வளர்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். நீல நிற ஜெல் நிரப்பிய பெட்டி விற்கிறார்களே, அதை வாங்கிக் கொடுத்தால் போதுமா? எறும்பு கடிக்குமோ, வீடு முழுக்கப் பரவிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. (ஒரு தாய்)

பதில்: அந்த ஜெல் பெட்டி வேண்டாம் அம்மா. அதில் விடுவது பெரும்பாலும் வேலைக்கார எறும்புகளை மட்டும்தான், ராணி இருக்காது. அவை கொஞ்ச நாள் சுரங்கம் தோண்டும், ஓடியாடும், அப்புறம் வாரக்கணக்கிலோ சில மாதங்களிலோ ஒவ்வொன்றாகச் செத்துப்போகும், அந்த இடத்தை நிரப்பப் புதிதாக எதுவும் பிறக்காது. ஜெல்லில் ஈரமும் கொஞ்சம் இனிப்பும் கிடைக்கும், ஆனால் முட்டையிலிருந்து வரும் எறும்புப் புழுக்கள் வளரத் தேவையான புரதம் அதில் இல்லை. ஆசையாகக் கேட்கிற பிள்ளைக்கு ஒரு கூட்டம் மெல்ல மெல்ல அழிவதைக் காட்ட வேண்டுமா?

எறும்பு வளர்ப்பு என்று நான் சொல்வது, கருவுற்ற ஒரே ஒரு ராணியை வைத்து ஒரு குடும்பத்தை முதல் முட்டையிலிருந்து வளர்த்தெடுப்பது. இது புதுப் பழக்கமும் அல்ல. இங்கிலாந்தில் ஜான் லப்பக் என்ற வங்கியாளர் 19-ஆம் நூற்றாண்டிலேயே இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் மண்ணை வைத்து எறும்பு வளர்த்தார், அவரிடம் ஒரு ராணி 14 ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்தது. லாசியஸ் நைஜர் என்ற இனத்தின் ராணி ஒன்று மனிதப் பராமரிப்பில் கிட்டத்தட்ட 29 ஆண்டுகள் வாழ்ந்ததாகப் பதிவு இருக்கிறது. ஆகவே உங்கள் பையன் கல்லூரி முடித்த பிறகும் இந்த ராணி முட்டை போட்டுக்கொண்டிருக்கலாம். இதை அவனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதன் பிறகும் வேண்டும் என்றால் தாராளமாக ஆரம்பிக்கலாம்.

எந்த எறும்பு என்றால், முதல் முறைக்கு என் தேர்வு கட்டெறும்பு வகைதான். காம்போனோட்டஸ் என்ற இந்தப் பேரினத்தில் ஏதாவது ஒரு இனம் உலகின் பெரும்பாலான பகுதிகளில் இருக்கிறது. உடம்பு பெரிது என்பதால் வெறும் கண்ணாலேயே எல்லாம் தெரியும், சின்னச் சந்து கிடைத்தால் நழுவிப்போவதும் குறைவு. கொடுக்கு கிடையாது. கடிக்கும், கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சும், சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன லாசியஸ் நைஜர் நல்லது. விதை சேகரிக்கும் மெஸ்ஸார் வகையும் பார்க்க அருமையாக இருக்கும், விதையை மென்று மாவாக்கிப் புழுக்களுக்கு ஊட்டும். நெருப்பெறும்பு, இலையைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு, பூஞ்சைத் தோட்டம் போடும் இலைவெட்டி எறும்பு, இவற்றைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள். நெருப்பெறும்பு கொட்டினால் சிலருக்கு ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாகும்.

பரவுகிற பயத்துக்கு வருகிறேன். ஒரே ராணியை நம்பி வாழும் இனத்தில், பெட்டியிலிருந்து தப்பிய ஒரு வேலைக்காரியால் தனியாகப் போய்க் குடும்பம் தொடங்க முடியாது. சுவர் இடுக்கில் குடியேறி வீட்டையே பிடித்துக்கொள்ளும் பொடி எறும்புகள் வேறு ரகம், அவற்றுக்கு ஒரு கூட்டில் பல ராணிகள் இருக்கும். அந்த ரகத்தை வளர்க்காதவரை உங்கள் சமையலறைக்கு ஒன்றும் ஆகாது.

கேள்வி: மழை விட்டதும் விளக்கடியில் இறக்கை முளைத்த பூச்சிகள் குவிகின்றன. அதில் ஒன்றைப் பிடித்து அடைத்தால் அதுதான் ராணியா? தோட்டத்தில் ஒரு எறும்புப் புற்றும் இருக்கிறது, அதைத் தோண்டினால் சுலபமாகக் கிடைக்குமா? (கல்லூரி மாணவர்)

பதில்: இரண்டாவதற்கு முதலில் பதில்: தோண்டாதீர்கள். ராணி பெரும்பாலும் ஆழத்தில் இருக்கும், மண்வெட்டி படும்போது இன்னும் உள்ளே போகும். கடைசியில் உங்கள் கைக்கு வருவது சிதைந்த கூடும் கொஞ்சம் வேலைக்காரிகளும்தான். ஓடிக்கொண்டிருக்கிற ஒரு குடும்பத்தை இப்படி அழிப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

விளக்கடிக்கு வருவோம். அங்கே குவிவதில் பாதிக்கு மேல் ஈசலாக இருக்கலாம். ஈசல் கறையானின் இனம், எறும்பே அல்ல. ஈசலுக்கு நான்கு இறக்கைகளும் ஒரே நீளம், உணர்கொம்பு நேராக மணி கோத்தது போல இருக்கும், இடுப்பு என்று ஒன்று தெரியாது. எறும்புக்கு முன் இறக்கை பெரிது, பின் இறக்கை சிறிது, உணர்கொம்பு முழங்கை போல மடங்கியிருக்கும், இடுப்பு நூலாக ஒடுங்கியிருக்கும். எறும்புதான் என்று உறுதியான பிறகு ஆணா பெண்ணா என்று பாருங்கள். ஆணுக்குத் தலை சின்னது, உடம்பு ஒல்லி. ராணிக்கு நெஞ்சுப் பகுதி திரண்டு முதுகு தூக்கினாற்போல இருக்கும், வயிறும் பெருத்திருக்கும்.

ஆனால் பறந்துகொண்டிருப்பதைப் பிடிப்பதால் பயனில்லை, அது இன்னும் இணை சேராமல் இருக்கலாம். இறக்கையை உதிர்த்துவிட்டுத் தரையில் அவசரமாக இடம் தேடி அலைகிறதே, அந்த ராணிதான் உங்களுக்கு வேண்டும். நெஞ்சின் இரு பக்கமும் இறக்கை இருந்த தழும்பு தெரியும். இணை சேரும் அந்த ஒரு பறத்தலில் சேர்ந்த விந்தணுக்களை அது வயிற்றுக்குள் ஒரு பையில் வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுவதற்கும் பயன்படுத்தும், திரும்ப ஆணைத் தேடிப் போகாது. ஆண்கள் அதோடு செத்துவிடும். இறக்கையோடு தரையில் நடக்கும் ராணியை எடுத்து வைத்துப் பார்க்கலாம், தவறில்லை, சில ராணிகள் இணை சேர்ந்த பிறகும் இறக்கையை உதிர்க்காமல் இருப்பதுண்டு. கருவுறாத ராணியும் முட்டை போடும், ஆனால் அதிலிருந்து ஆண் மட்டுமே வரும், கூட்டம் உருவாகாது.

இன்னொரு வாசகி, இப்படிப் பிடித்து அடைப்பது பாவமில்லையா என்று கேட்டிருந்தார். பறந்து இறங்குகிற ராணிகளில் மிகப் பெரும்பாலானவை பறவை, பல்லி, சிலந்தி, மற்ற எறும்புகள் என்று எதற்காவது இரையாகிவிடும், வெகு சில மட்டுமே கூடு கண்டு நிலைக்கும். அந்தக் கூட்டத்திலிருந்து ஒன்றை எடுத்து ஒழுங்காகப் பார்த்துக்கொள்வதில் எனக்கு மனத்தடை இல்லை. எடுத்துவிட்டுக் கவனிக்காமல் விடுவதுதான் பாவம். ஒரே இரவில் பத்து இருபது என்று அள்ளிக்கொண்டு வருவதையும் நான் அதோடுதான் சேர்ப்பேன்.

கேள்வி: ராணி கிடைத்துவிட்டது! இப்போது தீப்பெட்டியில் இருக்கிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும்? மண் போட்ட கண்ணாடித் தொட்டி தயாராக இருக்கிறது. (ஐ.டி. ஊழியர்)

பதில்: தொட்டியை ஓரமாக வையுங்கள், ஒரு வருடத்துக்கு அது தேவைப்படாது. இப்போது வேண்டியது ஒரு டெஸ்ட் டியூப், பஞ்சு, தண்ணீர். 16 மி.மீ. அகலமும் 150 மி.மீ. நீளமும் உள்ள குழாய் கட்டெறும்பு ராணிக்குச் சரியாக இருக்கும்.

குழாயில் மூன்றில் ஒரு பங்கு சுத்தமான தண்ணீர் ஊற்றுங்கள். பஞ்சை இறுக்கமாக உருட்டி, ஒரு குச்சியால் தள்ளி, தண்ணீரைத் தொடும்வரை கொண்டுபோங்கள், பஞ்சுக்கும் தண்ணீருக்கும் நடுவில் காற்றுக்குமிழி நிற்கக் கூடாது. பஞ்சின் இந்தப் பக்கம் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் குழாயைப் படுக்க வைத்தால் தண்ணீர் ஒழுகக் கூடாது. இந்த ஒரு வேலையில்தான் பொறுமை வேண்டும், பஞ்சு தளர்ந்தால் ராணி மூழ்கும். மிச்சமிருக்கிற இடத்தில் ராணியை விட்டு, வாயை இன்னொரு பஞ்சால் மூடுங்கள், இது காற்று போகிற அளவுக்கு லேசாக இருக்கட்டும். அவ்வளவுதான் வீடு. மண் வேண்டாம், மணல் வேண்டாம், இலை வேண்டாம். காட்டில் ராணி தனக்கென்று தோண்டுவதும் நாலு பக்கமும் அடைத்த, ஈரமான, இருட்டான ஒரு சின்ன அறையைத்தான், இந்தக் குழாய் அதையே கொடுக்கிறது.

குழாயைப் படுக்கை வசமாக ஒரு பெட்டிக்குள் வைத்து, அலமாரியில் இருட்டான இடத்தில் வைத்துவிடுங்கள். வெப்பநிலை 24 முதல் 28 டிகிரி இருந்தால் நல்லது. குளிரான அறை என்றால் சூடாக்கும் கேபிளைக் குழாயின் ஒரு பகுதியில் மட்டும் படும்படி வைக்கலாம், ஆனால் தண்ணீர் இருக்கிற முனையைச் சூடாக்காதீர்கள், உள்ளே அடைபட்ட காற்று விரிந்து தண்ணீரைப் பஞ்சு வழியாக வெளியே தள்ளி அறையை நனைத்துவிடும். கதவை அடித்துச் சாத்துகிற இடம், ஸ்பீக்கர், வாஷிங் மெஷின், இவற்றின் பக்கமும் வேண்டாம். எறும்பு அதிர்வைக் காலால் உணரும், ஒவ்வொரு அதிர்வும் அதற்கு ஆபத்தின் அறிகுறி.

சாப்பாடு? கட்டெறும்பு, லாசியஸ், மெஸ்ஸார் ராணிகளுக்கு முதல் வேலைக்காரி வரும்வரை ஒன்றும் தர வேண்டாம். இனிமேல் பறக்கப்போவதில்லை என்பதால், ராணியின் உடம்பு இறக்கைத் தசைகளையே கரைத்து உணவாக்கிக்கொள்ளும், சேமித்த கொழுப்பும் கை கொடுக்கும். அந்தச் சத்தை வைத்துத்தான் முதல் புழுக்களுக்கும் ஊட்டுகிறது. சில இனங்களின் ராணி மட்டும் இந்தக் காலத்திலும் வெளியே போய் இரை தேடும், அவற்றுக்கு ஆரம்பத்திலிருந்தே உணவு தர வேண்டும். அதனால் உங்கள் கையில் இருப்பது எந்த இனம் என்று தெரிந்துகொள்வது முக்கியம். நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து, தெரிந்தவர்களிடம் காட்டிக் கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, என் ராணி எட்டு முட்டை போட்டது. நான் தினமும் காலையும் மாலையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். நேற்று பார்த்தால் மூன்றுதான் இருக்கிறது. யார் எடுத்தார்கள்? (7-ஆம் வகுப்பு மாணவன்)

பதில்: ராணியே தின்றுவிட்டது தம்பி. பயப்படாதே, அது கெட்ட ராணி இல்லை. தான் இருக்கிற இடம் பத்திரமில்லை என்று நினைத்தால் ராணி முட்டையைத் தின்னும். முட்டையில் அதன் உடம்புச் சத்து இருக்கிறது, எதிரி வந்து கொண்டுபோகிற நிலைமை வந்தால் அந்தச் சத்தாவது திரும்பக் கிடைக்கட்டும் என்பது போன்ற ஏற்பாடு. நீ டார்ச் அடிக்கிறபோது அதற்கு என்ன தெரியும்? அறையின் கூரை பிய்ந்துவிட்டது என்று மட்டும்தான் தெரியும்.

இனிமேல் வாரத்துக்கு ஒரே ஒரு தடவை பார். ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள். குழாயைத் தூக்காதே, பெட்டியை மட்டும் மெதுவாகத் திற. டார்ச் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள், பெரும்பாலான எறும்புகளுக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது. ஒரு நோட்டுப் போட்டு, பார்த்த தேதி, முட்டை எத்தனை, புழு எத்தனை, கூட்டுப்புழு எத்தனை என்று எழுதிவை, படமும் வரை. முட்டையிலிருந்து முதல் எறும்பு வெளிவர இனத்தையும் சூட்டையும் பொறுத்து 6 முதல் 10 வாரம் ஆகலாம். கட்டெறும்பின் கூட்டுப்புழு பழுப்பு நிற உறைக்குள் இருக்கும், அரிசி மாதிரி தெரியும், அதைப் பார்த்து முட்டை திடீரென்று பெரிதாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. முதலில் வருகிற எறும்புகள் ரொம்பக் குட்டியாக இருக்கும். ராணியிடம் இருக்கிற கொஞ்சச் சத்தைப் பங்கு போட்டு வளர்ந்தவை, அதனால்தான். போகப்போகப் பெரிய எறும்புகள் பிறக்கும், பெரிய தலை வைத்தவைகூட வரும். நீ பார்க்காமல் இருக்கிற நாட்களில்தான் உன் எறும்புகள் வளர்கின்றன, அதை மறந்துவிடாதே.

கேள்வி: ஐந்து வேலைக்காரிகள் வந்துவிட்டன. தேன் சொட்டு வைத்தேன், ஒன்று அதிலேயே ஒட்டிச் செத்துவிட்டது. பிஸ்கட் தூளை வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னதான் தருவது? (இல்லத்தரசி)

பதில்: ஐந்தில் ஒன்று போனால் வருத்தமாகத்தான் இருக்கும். தேனை அப்படியே வைக்கக் கூடாது, தண்ணீர் கலந்துதான் தர வேண்டும். ஒரு பங்கு தேன் அல்லது சர்க்கரைக்கு மூன்று, நான்கு பங்கு தண்ணீர். அதைச் சின்னப் பஞ்சுத் துணுக்கில் நனைத்து வைத்தால் ஒட்டிக்கொள்ளவும் செய்யாது, மூழ்கவும் செய்யாது.

வளர்ந்த எறும்பு கெட்டியான உணவை விழுங்காது என்பது பலருக்குத் தெரியாது. வாய்க்குள் ஒரு சின்னப் பை இருக்கிறது, திடத்துணுக்குகள் அங்கேயே தங்கிவிடும், வடிகட்டின திரவம் மட்டும்தான் உள்ளே போகும். போகிற திரவத்திலும் ஒரு பகுதியைத்தான் தன் வயிற்றுக்கு எடுத்துக்கொள்ளும், மிச்சம் முன்னால் இருக்கிற இன்னொரு பையில் நிற்கும். அதைச் சமூக வயிறு என்றே சொல்கிறார்கள். பசித்த சகோதரி வந்து உணர்கொம்பால் தட்டிக் கேட்டால், அதிலிருந்து ஒரு துளியை வாயோடு வாய் வைத்துக் கொடுக்கும். வெளியே போய்ச் சாப்பிட்ட ஒரு எறும்பு இப்படியே ராணி வரைக்கும் எல்லோருக்கும் ஊட்டிவிடும். இதை ஒரு தடவை பூதக்கண்ணாடியில் பாருங்கள், அப்புறம் எறும்பை விட்டு உங்களால் போக முடியாது.

இனிப்பு, ஓடியாடும் வேலைக்காரிகளுக்கான சக்தி. புழு வளரவும் ராணி முட்டை போடவும் புரதம் வேண்டும், அதற்குப் பூச்சிதான் சரி. தீனிக்கென்று வளர்க்கும் வெட்டுக்கிளி, மாவுப்புழு, பழ ஈ, இவற்றை உறைய வைத்துக் கொன்று, ஐந்தாறு எறும்பு இருக்கிற காலத்தில் ஒரு காலையோ வயிற்றிலிருந்து ஒரு துணுக்கையோ மட்டும் கொடுங்கள். உறைய வைத்தால் பூச்சியோடு வருகிற உண்ணிகளும் செத்துவிடும். வீட்டில் செத்துக் கிடக்கிற கரப்பானையோ ஈயையோ எடுத்துப் போடாதீர்கள், அது மருந்து தெளித்துச் செத்ததா இல்லையா என்று உங்களுக்குத் தெரியாது, ஒரு கால் துண்டில் இருக்கிற விஷம் முழுக் கூட்டத்தையும் முடித்துவிடும். வாரத்துக்கு இரண்டு முறை வைத்தால் போதும், மிச்சத்தை மறுநாளே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி: குழாயில் பஞ்சு மஞ்சளாகி, ஓரத்தில் கறுப்புப் பூஞ்சை தெரிகிறது. இப்போது 15 எறும்பு இருக்கிறது. பெரிய கூட்டுக்கு மாற்றிவிடலாமா? (பள்ளி ஆசிரியர்)

பதில்: மாற்றலாம், ஆனால் இன்னொரு குழாய்க்கு மட்டும். பெரிய கூடு 15 எறும்புக்கு நல்லதல்ல. ஈரம் எங்கே இருக்கிறது, குப்பை எங்கே போடுவது என்றே தெரியாமல் ஏதாவது ஒரு மூலையில் ஒண்டிக்கொள்ளும், மிச்ச இடமெல்லாம் குப்பையும் பூஞ்சையுமாகும். கூட்டின் அளவு எப்போதும் எறும்புகள் நெருக்கமாக நிரம்பும்படி இருக்க வேண்டும். 30, 40 எறும்பு சேர்ந்து குழாயே போதாமல் முட்டி நிற்கும்போது ஜிப்சத்திலோ அக்ரிலிக்கிலோ செய்த சின்னக் கூட்டைப் பற்றி யோசிக்கலாம். கட்டெறும்புக்கு அந்த நிலை வர ஒரு வருடம் ஆனாலும் ஆச்சரியமில்லை.

கொஞ்சம் மஞ்சளும் ஒரு புள்ளிப் பூஞ்சையும் அவசர நிலை அல்ல. தண்ணீர் தீர்ந்துகொண்டே வந்தாலோ பூஞ்சை பரவினாலோ, புதிதாக ஒரு குழாயைத் தயார் செய்து, இரண்டு வாயையும் எதிரெதிராக வைத்து டேப்பால் ஒட்டிவிடுங்கள். புதியதைக் காகிதம் சுற்றி இருட்டாக்குங்கள், பழையதன்மேல் மெல்லிய வெளிச்சம் படட்டும். சில கூட்டங்கள் சில மணி நேரத்தில் மாறிவிடும், சிலது நாட்கணக்கில் யோசிக்கும். தட்டிக் குலுக்கி வெளியேற்ற வேண்டாம், தாமாகப் போகட்டும்.

இந்தக் கட்டத்தில் குழாயை ஒரு பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டியையே இரை தேடும் இடமாகக் கொடுக்கலாம். பெட்டியின் உட்சுவரில் மேல் விளிம்பை ஒட்டி, எறும்பால் ஏற முடியாத ஒரு பட்டை பூச வேண்டும். முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைச் சுத்தமான ஆல்கஹாலில் குழைத்துப் பூசிக் காயவிட்டால் சறுக்கும், ஆனால் காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் பிடிப்பு வந்துவிடும். ஃப்ளுவான் என்று ஒரு திரவம் கிடைக்கிறது, அது இன்னும் நீடித்து நிற்கும். எதைப் பூசினாலும் நன்றாகக் காய்ந்த பிறகே எறும்பை வையுங்கள், ஆல்கஹால் ஆவி அதற்கு ஆகாது. மூடியும் போட்டுவிடுங்கள், பூச்சு இருக்கிறதே என்று திறந்து வைக்க வேண்டாம்.

கேள்வி: இரண்டு ராணி கிடைத்தது. ஒரே குழாயில் விடலாமா? (பெயர் வேண்டாம் என்றவர்)

பதில்: வேண்டாம். சில இனங்களில் ராணிகள் சேர்ந்து ஆரம்பிப்பதுண்டு, அவற்றிலும் பல, வேலைக்காரிகள் பிறந்ததும் சண்டையில் முடியும், கடைசியில் ஒரு ராணிதான் மிஞ்சும். தனித்தனிக் குழாய் வையுங்கள். இரண்டு கூட்டங்களின் வேலைக்காரிகளையும் ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள், ஒரே இனமாக இருந்தாலும் உடம்பின் மேல் இருக்கிற மணம் வேறு, அந்நியர் என்று கொன்றுவிடும்.

கேள்வி: செத்த எறும்பை மற்றவை தூக்கிக்கொண்டுபோய் ஒரு மூலையில் போடுகின்றன. இரண்டு நாள் சும்மா விட்டு வைத்துவிட்டு மூன்றாம் நாள்தான் தூக்குகின்றன. ஏன் இந்தத் தாமதம்? (ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்)

பதில்: இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறீர்கள் ஐயா, மனம் நிறைந்தது. இறந்த உடம்பு மெல்லச் சிதையும்போது ஓலிக் அமிலம் போன்ற பொருட்கள் உண்டாகின்றன. அந்த மணம் வந்த பிறகுதான் அது பிணம் என்று மற்றவற்றுக்குத் தெரியும், அதுவரை வழியில் கிடக்கிற ஒன்று, அவ்வளவே. எறும்பு ஆய்வாளர் எட்வர்ட் வில்சனும் அவரோடு வேலை செய்தவர்களும் 1958-இல் இதைக் காட்டினார்கள். உயிரோடு இருக்கிற எறும்பின் மேல் ஓலிக் அமிலத்தைத் தடவினால், அது கால் உதறித் திமிறினாலும் மற்றவை தூக்கிக்கொண்டுபோய்ப் பிண மேட்டில் போட்டுவிடும். அது தன்னைச் சுத்தம் செய்துகொண்டு மணம் போன பிறகுதான் கூட்டுக்குள் நிலைக்க முடியும்.

உங்கள் பெட்டியில் அந்த மூலை எது என்று தெரிந்துவிட்டதல்லவா, அதைக் கவனித்துக்கொண்டே இருங்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு என்றால் முதுமை. திடீரென்று ஒரே நாளில் பல என்றால் கடைசியாக வைத்த உணவைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

கேள்வி: வெளிநாட்டு எறும்பு ராணிகள் இணையத்தில் விற்பனைக்கு இருக்கின்றன. பெரிய தலையும் பளபளக்கும் நிறமுமாக அவ்வளவு அழகு. வாங்கலாமா? (புகைப்படக் கலைஞர்)

பதில்: வாங்காதீர்கள். இந்தப் பத்தியில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் சட்டம். உயிருள்ள எறும்பை எல்லை தாண்டிக் கொண்டுவர எத்தனையோ நாடுகளில் அனுமதி வேண்டும். அமெரிக்காவில் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோகவே வேளாண் துறையின் அனுமதி தேவை. 2025-இல் கென்யாவில் பெல்ஜியத்தைச் சேர்ந்த இரண்டு பதின்வயதினர் சுமார் 5,000 எறும்புகளோடு பிடிபட்டார்கள். எல்லாம் பஞ்சு அடைத்த டெஸ்ட் டியூப்களில், அதாவது நாம் மேலே பேசிய அதே ஏற்பாட்டில் இருந்தன. மெஸ்ஸார் செஃபலோட்டஸ் என்ற பெரிய அறுவடை எறும்பும் அதில் இருந்தது. நீதிமன்றம் 10 லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம் அல்லது 12 மாதம் சிறை என்று தீர்ப்பளித்தது. வாங்குகிறவர்கள் இருப்பதால்தான் இப்படி அள்ளுகிறார்கள்.

சட்டம் அனுமதித்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தென் அமெரிக்க நெருப்பெறும்பு 1930-களில் அமெரிக்காவில் மொபைல் என்ற ஊரின் துறைமுகம் வழியாக உள்ளே வந்தது. இன்றுவரை அதை ஒழிக்க முடியவில்லை. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் கிறிஸ்துமஸ் தீவில் மஞ்சள் பைத்திய எறும்பு என்று அழைக்கப்படும் வந்தேறி இனம் அந்தத் தீவின் சிவப்பு நண்டுகளைக் கோடிக்கணக்கில் கொன்றது, நண்டு போன இடத்தில் காட்டின் தரையே மாறிப்போனது. இவை யாரோ ஆசையாக வளர்த்துத் தப்பவிட்டவை அல்ல, சரக்கோடு தற்செயலாக வந்தவைதான், ஆனால் கருவுற்ற ராணி ஒன்று தபாலில் வருவதும் அதே கதவைத் திறந்து வைப்பதுதான். நீங்கள் புகைப்படக் கலைஞர், உங்கள் வாசலில் ஓடுகிற எறும்பை மேக்ரோ லென்ஸில் ஒரு தடவை பாருங்கள். கட்டெறும்பின் வயிற்றில் பொன்னிற மயிர் வரி வரியாக மின்னுகிற இனங்கள் இருக்கின்றன. வசிக்கிற பகுதியிலேயே கிடைக்கிற ராணியை மட்டும் வளர்ப்பது என்று வைத்துக்கொண்டால், தட்பவெப்பம் ஒத்துப்போகும், குளிர்காலத்தில் தூங்க வைக்க வேண்டுமா என்ற குழப்பமும் பாதி தீரும்.

கேள்வி: நான்கு வருடம் வளர்த்த கூட்டத்தில் ராணி இறந்துவிட்டது. தேனீ போல இவையும் புது ராணியை உருவாக்கிக்கொள்ளுமா? புதிதாக ஒரு ராணியைப் பிடித்து விடலாமா? (செவிலியர்)

பதில்: நான்கு வருடம் என்பது சின்ன விஷயமில்லை, உங்கள் வருத்தம் புரிகிறது. கட்டெறும்புகள் தேனீ போலச் செய்துகொள்ள முடியாது. புழுவிலிருந்து ராணி வளர்ந்தாலும், அது வெளியே பறந்து போய் இணை சேர்ந்தால்தான் பயன், பெட்டிக்குள் அது நடப்பது அரிது. வேலைக்காரிகள் சில சமயம் முட்டை போடும், அதிலிருந்து ஆண்கள் மட்டுமே பிறக்கும். குதிக்கும் எறும்பு என்று சொல்லப்படும் ஹார்பெக்னாதஸ் சால்டேட்டர் போன்ற சில இனங்களில்தான் ராணி போனால் வேலைக்காரிகளே போட்டி போட்டு அந்த இடத்துக்கு வரும். புது ராணியை விட்டால் அந்நியர் என்று கொன்றுவிடும், பாவம், அதையும் இழக்க வேண்டாம்.

இருக்கிறவற்றை அப்படியே பார்த்துக்கொள்ளுங்கள். இனிப்பு நீர் தொடரட்டும், புழு தீரத் தீரப் பூச்சித் தீனியைக் குறைக்கலாம். கூட்டுப்புழு மிச்சமிருந்தால், அதே இனத்தின் இளம் ராணியை வளர்க்கிற நண்பருக்கு அவற்றைக் கொடுக்கலாம். உறைக்குள் இருப்பவற்றை அந்தக் கூட்டம் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும், உங்கள் எறும்புகள் அங்கே வேலைக்காரிகளாக வெளிவரும்.

கேள்வி: இரண்டு வாரம் ஊருக்குப் போகிறோம். 20 எறும்பு இருக்கிறது. யாரிடமாவது ஒப்படைக்க வேண்டுமா? (குடும்பத் தலைவர்)

பதில்: தேவையில்லை. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு பூச்சித்துண்டும் இனிப்பு நீரும் வயிறு நிறையக் கொடுத்துவிட்டு, கிளம்பும்போது மிச்சத்தை எல்லாம் எடுத்துவிடுங்கள். குழாயில் முதலில் ஊற்றிய தண்ணீர் பாதிக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள், குறைந்திருந்தால் புதுக் குழாயை இப்போதே ஒட்டிவிடுங்கள். பூட்டிய வீட்டில் வெயில் நேராக விழாத அறையாகப் பார்த்து வையுங்கள். வீட்டில் பூச்சி மருந்து அடிக்க வேண்டியிருந்தால் அதைத் தள்ளிப்போடுங்கள், அல்லது எறும்புகளை வேறு வீட்டில் வைத்துவிட்டு அடியுங்கள்.